சைவநெறிப் பாடமும் சைவ சித்தாந்தமும்: பெற்றோரும் ஆசிரியரும் கேட்கும் கேள்விகள்

இலங்கைப் பாடசாலைகளில் சமயத்தை ஒரு பாடமாகப் படிப்பிப்பது பற்றிச் சட்டமும் அரசியலும் பேசுகிறவர்கள் ஏராளம். அந்தச் சமயமே இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. இந்தப் பக்கம் அதைத்தான் பார்க்கிறது. பெரும்பாலும் சைவத்தின் தத்துவமான சைவ சித்தாந்தத்தின் பக்கம் நின்று எழுதியிருக்கிறேன். தேவையான இடத்தில் கத்தோலிக்க, இஸ்லாமிய நிலைப்பாடுகளும் வரும்.

பாடசாலையில் சமயம் கட்டாயமா?

ஆம். பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் என ஐந்தில் ஒன்றைப் பிள்ளை படிக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சையில் தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகியவற்றோடு சமயமும் கட்டாயம். உயர்தரத்துக்குப் போனால் இந்து சமயம், இந்து நாகரிகம் போன்றவை விரும்பினால் எடுக்கும் பாடங்கள்.

அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 10 ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சமயத்துக்கும் எல்லோருக்கும் சுதந்திரம் தருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வகுப்பறை இருக்கிறது.

சைவநெறி படித்தால் பிள்ளைக்குப் பக்தி வருமா?

பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். சைவ சித்தாந்தம் இதற்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்லியிருக்கிறது: படிப்பால் மட்டும் வராது.

சித்தாந்தம் அறிவை மூன்றாகப் பிரிக்கிறது. பாசஞானம், பசுஞானம், பதிஞானம். பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டும் தளை. சொல்லாலும் நூலாலும் கருவிகளாலும் வருவது பாசஞானம். உயிர் தன்னையே அறிந்து, தானே தலைவன் என்று நிற்பது பசுஞானம். இறைவன் உணர்த்த உணர்வது பதிஞானம். சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் ஒன்பதாம் சூத்திரப் பகுதி பாசஞானத்துக்குள் எதை எதைச் சேர்க்கிறது என்று பாருங்கள்: வேதம், சாத்திரம், மிருதி, புராணம், கலைஞானம். வேதத்தையே அந்தப் பட்டியலில் போட்ட அந்த நூலாசிரியர் அருணந்தி சிவாசாரியார், தரம் 9 சைவநெறிப் புத்தகத்தை எங்கே வைத்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

அதற்கு மூலமான, மெய்கண்டாரின் சிவஞான போதத்தின் எட்டாம் சூத்திரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஐம்புல வேடர் நடுவே வளர்ந்து தன்னை மறந்திருக்கும் உயிருக்கு, இறைவனே குருவாக வந்து, அது முன்செய்த தவத்தினால் உணர்த்துகிறான் என்கிறது. உணர்த்துகிறவன் அவன். வகுப்பாசிரியர் அந்த இடத்தில் இல்லை. இதைக் கேட்டுச் சில ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கோ இது பெரிய ஆறுதலாகவே படுகிறது. பிள்ளையின் ஆன்ம ஈடேற்றம் ஒரு நாற்பது நிமிடப் பாடவேளையின் பொறுப்பில் இல்லை.

யாழ்ப்பாணத்து வரலாறும் இதற்குச் சாட்சி. 1823 இல் தொடங்கி 1855 இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டை செமினறியை அமெரிக்க மிசனரிமார் நடத்தியதே கிறிஸ்தவர்களை உருவாக்கத்தான். அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்.  பின்னாளில் சைவரானார், பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். ஆறுமுக நாவலர் வெஸ்லியன் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். கடைசிவரை சைவர். மிசன் பாடசாலை அவர்களுக்கு அச்சையும் உரைநடையையும் வாதத் திறனையும் கொடுத்தது. நம்பிக்கையை அதனால் கொடுக்க முடியவில்லை. சைவப் பாடசாலையாலும் முடியாது, அதே காரணத்தால்.

அப்படியென்றால் பாடமே எதற்கு?

ஞானத்துக்குப் போகும் வழியைச் சித்தாந்தம் நான்கு படிகளாகச் சொல்கிறது: கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் (தெளிந்ததில் ஒன்றி நிற்பது). முதற்படி கேட்டல். யாராவது சொல்லாமல் கேட்க முடியாது. சொல்லும் வேலையைப் பாடசாலை நன்றாகச் செய்யலாம். பதி, பசு, பாசம் என்றால் என்ன, நாயன்மார் யார், உயிரை மறைக்கும் ஆணவ மலத்தை ஏன் இருளுக்கு ஒப்பிட்டார்கள், ஐந்தெழுத்து எதைக் குறிக்கிறது என்பதெல்லாம் கேட்டலுக்குள் அடங்கும்.

சிந்தித்தலில் பாடசாலைக்குப் பாதிப் பங்கு உண்டு. 'இறைவன் கருணையுள்ளவன் என்றால் முள்ளிவாய்க்கால் ஏன்?' என்று ஒரு பிள்ளை கேட்டால், அதுதான் சிந்தித்தல். 'வினைப்பயன்' என்ற ஒற்றைச் சொல்லால் அதன் வாயை மூடுவது சைவமும் அல்ல, கல்வியும் அல்ல. செத்துப்போன பிள்ளையின் வினையைக் கணக்குப் பார்க்கும் அதிகாரம் எந்த ஆசிரியருக்கும் இல்லை. வினையை உயிரோடு கூட்டுவது இறைவன் செயல் என்று சொல்லும் சித்தாந்தம், அந்தக் கணக்கை அவனிடமே விட்டிருக்கிறது.

தெளிதலும் நிட்டையும் பாடசாலைக்கு வெளியே.

பிள்ளை சைவநெறிக்கு 'ஏ' எடுத்திருக்கிறது. சமயத்தில் நல்ல பிள்ளை என்று சொல்லலாமா?

கேட்டலில் நல்ல பிள்ளை என்று சொல்லலாம். காளத்தியில் வாயில் நீர் சுமந்து வந்து, தான் மென்று ருசி பார்த்த இறைச்சியைப் படைத்த கண்ணப்பருக்கு இந்த வினாத்தாளைக் கொடுத்தால் 'டபிள்யூ'தான். ஆகமம் தெரிந்த சிவகோசரியார் சித்தியடைந்திருப்பார். பெரியபுராணம் யார் பக்கம் நின்றது என்று தெரியும்.

எனக்குப் பரீட்சையோடு பகை இல்லை. தேவாரம் பாடிய மூவரின் பெயரைப் பரீட்சையில் கேட்பது நியாயம். 'சிவனிடம் அன்பு செலுத்துவதன் பயன்கள் ஐந்து எழுதுக' என்று கேட்டு, ஐந்துக்கும் ஒவ்வொரு புள்ளி போடுவதுதான் இடிக்கிறது. 'அவன் அருளாலே அவன்தாள் வணங்கி' என்று மணிவாசகர் பாடியிருக்க, வணக்கத்துக்கு விடைத்தாளில் வரி போட்டு இடம் விடுவது எப்படி? இப்படிக் கேட்டால் பிள்ளை பக்தியைக் கற்காது, பக்தி இருப்பதுபோல் எழுதக் கற்கும். ரியூசனில் அதற்கென்றே குறிப்பு கிடைக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மலபரிபாகமும் (ஆணவ மலம் பக்குவப்படுவது) இருவினையொப்பும் (நல்வினை தீவினை இரண்டையும் ஒன்றாகக் காண்பது) கூடிய பிறகே சத்திநிபாதம், அதாவது அருள் பதிவது. அதிலும் மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நான்கு நிலை. ஒவ்வோர் உயிருக்கும் ஒவ்வொரு காலம். பதினாறு வயதில் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே தாள் என்பது கணிதத்துக்குப் பொருந்தலாம்.

வினாவிடை மனப்பாடம் நமது மரபுதானே? நாவலரே எழுதியிருக்கிறாரே?

எழுதினார். ஏன் எழுதினார் என்பதுதான் சுவாரசியம். 1529 இல் ஜேர்மனியில் மார்ட்டின் லூதர் குடும்பங்களுக்கும் சிறுவருக்குமாக ஒரு சிறு ஞானோபதேச நூலை வினாவிடையாக எழுதினார். அந்த வடிவம் புரட்டஸ்தாந்து மிசனோடு தரங்கம்பாடிக்கு வந்தது, பின் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. எதிரியின் ஆயுதம் வேலை செய்வதைக் கண்ட நாவலர் அதையே எடுத்தார். 1848 இல் வண்ணார்பண்ணையில் அவர் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்கும், அதன் வழியில் வந்த பாடசாலைகளுக்கும் பாலபாடமும் சைவ வினாவிடையும்தான் முதுகெலும்பு. தெற்கில், பௌத்தத்தைத் தழுவிய அமெரிக்கரான ஒல்கொட் 1881 இல் பௌத்தத்துக்கும் இப்படியே ஒரு வினாவிடை நூல் வெளியிட்டார். ஆக, இலங்கையில் மூன்று சமயங்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டன.

சைவத்துக்குச் சொந்தமான வினாவிடை வேறு விதம். திருவதிகை மனவாசகங் கடந்தார் உண்மை விளக்கத்தில் தம் குரு மெய்கண்டாரைக் கேட்கிறார்: ஆணவம் எது, வினை எது, நான் யார், நீ யார், உன் நடனம் எது. குரு பதில் சொல்கிறார். உமாபதி சிவம் வினா வெண்பாவில் குருவை மடக்கி மடக்கிக் கேட்கிறார். அங்கே கேட்பவர் மாணவர். பாடசாலை வினாவிடையில் புத்தகம் கேட்கிறது, மாணவர் ஒப்புவிக்கிறார். தலைகீழாகிவிட்டது.

இதற்காக நாவலரைக் குறை சொல்ல முடியாது. எழுத்தறிவே மிசன் கையில் இருந்த காலத்தில் அவர் பிள்ளைகளின் கையில் ஒரு விடையையாவது கொடுத்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் நாம் அதைத் தாண்டிப் போகவில்லை என்றால் அது நம் குறை. கிழமைக்கு ஒரு பாடவேளையைப் பிள்ளைகள் கேட்க, ஆசிரியர் பதில் சொல்லும் வேளையாக மாற்றினாலே போதும். பாடத்திட்டம் மாற வேண்டியதில்லை.

எங்கள் அம்மன் கோயிலில் நடப்பது எதுவும் பாடப்புத்தகத்தில் இல்லை. நாங்கள் சைவர் இல்லையா?

மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்வி.

பாடப்புத்தகத்துச் சைவம் பெரும்பாலும் ஆகமச் சைவம். சிவாலய அமைப்பு, நித்திய நைமித்தியக் கிரியைகள், திருமுறை, நால்வர். மலையகத்துத் தோட்டத்து மாரியம்மனும், காமன் கூத்தும், மதுரை வீரனும், கிழக்கில் வைகாசியில் குளிர்த்திச் சடங்கு கொள்ளும் கண்ணகி அம்மனும் அதில் ஓரமாக வந்தால் உண்டு. நாவலர் கண்ணகி வழிபாட்டை ஏற்கவில்லை, பலியிடுதலைக் கடுமையாக எதிர்த்தார். அவர் தீட்டிய எல்லைக்கோடு இன்றும் பாடத்திட்டத்துக்கு அடியில் தெரிகிறது. யாழ்ப்பாணத்திலேயே வல்லிபுர ஆழ்வாரைக் குலதெய்வமாகக் கும்பிடும் வைணவப் பிள்ளைக்கும் படிக்கச் சைவநெறி ஒன்றுதான்.

சித்தாந்தம் இந்த அளவுக்கு ஒடுங்கியதல்ல. 'யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வமாகி ஆங்கே மாதொரு பாகனார் தாம் வருவர்' என்பதும் சிவஞான சித்தியார்தான். எந்தத் தெய்வத்தை வழிபட்டாலும் அந்தத் தெய்வமாக வந்து பயன் தருபவன் சிவன் என்கிறது. தெய்வங்கள் எல்லாம் ஒன்றே என்று மேலோட்டமாகச் சமரசம் பேசும் பாட்டு அல்ல இது. மற்றத் தெய்வங்கள் பிறந்து இறந்து வினை செய்வன என்றும் அது தொடர்ந்து சொல்கிறது. சிவனை மேலே வைத்துக்கொண்டே, வழிபடும் எவரையும் அது வெளியே தள்ளவில்லை.

வகுப்பில் இதற்கு என்ன செய்யலாம்? 'உங்கள் ஊர்க் கோயிலில் நடப்பதை எழுதிக் கொண்டுவா' என்று ஒப்படை கொடுங்கள். குளிர்த்திப் பாடலும் காவடிச் சிந்தும் கரகமும் வகுப்புக்கு வரட்டும். அதன் பிறகு ஆகமக் கோயிலைப் படிப்பித்தால், பிள்ளை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். தன் ஆச்சியின் சாமி தாழ்ந்தது என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போகாது.

நந்தனார் கதையை எப்படிச் சொல்வது? வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

மறைக்காமல் சொல்லுங்கள். திருப்புன்கூரில் நந்தியை விலகச் சொன்ன இறைவன், தில்லையில் தீயில் மூழ்கி வரச் சொன்னான் என்கிறது பெரியபுராணம். தீயிலிருந்து பூணூலோடு எழுந்த முனிவராகத்தான் அவர் கோயிலுக்குள் போனார். 'ஏன் இருந்தபடியே போகக்கூடாது?' என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்க வேண்டும்.

பதில் தேவாரத்திலேயே இருக்கிறது. 'கோத்திரமும் குலமும் கொண்டு என் செய்வீர்' என்று அப்பர் கேட்டார். மாட்டை உரித்துத் தின்று திரியும் புலையர் என்றாலும், கங்கை வார்சடைக் கரந்தார்க்கு அன்பர் என்றால், 'அவர் கண்டீர் நாம் வணங்கும் கடவுளாரே' என்றும் பாடினார். அந்த அன்பரைக் கடவுள் என்றே சொல்லிவிட்டார். நந்தனார் கதைக்குப் பக்கத்தில் இந்தப் பாட்டை வையுங்கள். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் கோயில் நுழைவுக்காகப் போராட்டம் நடந்ததையும் சொல்லுங்கள். நாவலரின் சாதி நிலைப்பாட்டை விமர்சித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மூத்த வகுப்புகளில் பேசலாம். குருபூசையன்று பேசினால் அதிபர் கோபிப்பார், வேறொரு நாளில் பேசுங்கள்.

வாணி விழாவில் கத்தோலிக்க, முஸ்லிம் பிள்ளைகள் கட்டாயம் நிற்க வேண்டுமா?

வேண்டியதில்லை. காலைப் பிரார்த்தனையில் பஞ்சபுராணம் பாடும்போதும் அப்படித்தான். மரியாதையாக அமைதி காக்கச் சொல்லலாம். திருநீறு பூசச் சொல்லவும், பாடச் சொல்லவும் கூடாது.

அவர்கள் சமயமும் இதையே சொல்கிறது. குர்ஆனின் 2:256 ஆம் வசனம் மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் வெளியிட்ட சமய சுதந்திர அறிக்கை, விசுவாசம் தன் இயல்பிலேயே சுதந்திரமான செயல் என்கிறது. சைவத்தின் காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்: அருளால் வராத வணக்கம் வணக்கமாகாது. மூன்று சமயமும் மூன்று வழியாக ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. இது அபூர்வம். பயன்படுத்திக்கொள்வோம்.

ஒரு காலத்தில் மிசன் பாடசாலையில் விவிலிய வகுப்புக்குப் போகாத சைவப் பிள்ளையின் பாடு என்ன என்று நம் முன்னோர் பக்கம் பக்கமாக எழுதினார்கள். 1960, 61 சட்டங்களால் பெரும்பாலான பாடசாலைகளை அரசு எடுத்த பின், எண்ணிக்கையில் கூடியவர்கள் பல இடங்களில் நாம்தான்.

சைவப் பிள்ளைக்கு மற்றச் சமயங்களைப் படிப்பித்தால் குழம்பாதா?

சிவஞான சித்தியாரின் முதற்பாதி பரபக்கம். அதில் பதினான்கு பிற கொள்கைகள் வருகின்றன. உலகாயதம், நால்வகைப் பௌத்தம், சமணம், மாயாவாதம், பாஞ்சராத்திரம் எல்லாம். ஒவ்வொன்றும் முதலில் தன் வாயாலேயே பேசுகிறது. அதன் பிறகுதான் மறுப்பு. சுபக்கம், அதாவது சொந்தக் கட்சி, பின்னால் வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒரு சிவாசாரியார் குழம்பாமல் செய்ததை நாம் செய்யப் பயப்படுகிறோம்.

வாதிட்டு வெல்லும் பகுதியைப் பள்ளியில் அப்படியே எடுக்க வேண்டாம். பிறர் கொள்கையை அவர்கள் ஒப்புக்கொள்ளும் விதமாகச் சொல்லும் ஒழுக்கத்தை மட்டும் எடுத்தால் போதும். இன்று ஐந்து சமய வகுப்பும் ஐந்து அறையில் நடக்கிறது. பதினொரு ஆண்டு ஒரே பாடசாலையில் படித்த இருவருக்கு, நோன்பும் தவக்காலமும் கந்தசஷ்டியும் ஏன் என்று ஒருவரிடம் ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பாடவேளை கூட வாய்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் எப்படி?

இந்திய அரசியலமைப்பின் 28 ஆம் உறுப்புரைப்படி, முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது. ஆனால் தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் தமிழ்ப் பாடத்தில் இலக்கியமாக வருகின்றன. ஒரே புத்தகத்தில் எல்லாச் சமயப் பாட்டும் எல்லாப் பிள்ளைக்கும் கிடைப்பது எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. அங்கே தேவாரத்தில் அணி என்ன என்று கேட்பார்கள், அதைப் பாடியவர் எதை நம்பினார் என்று கேட்க மாட்டார்கள். அதுவும் ஒரு இழப்பு.

அறநெறிப் பாடசாலைக்கு அனுப்பினால் போதாதா?

ஞாயிறு அறநெறி வகுப்பு கோயிலோடு சேர்ந்தது. பூத்தொடுப்பது, கூட்டுப்பிரார்த்தனை, கோயில் கூட்டுவது போன்ற சரியைத் தொண்டுக்கு அதுதான் இடம். உழவாரத்தை அப்பர் கையில் வைத்த மரபு அது. கத்தோலிக்கரும் பங்கில் நடக்கும் மறைக்கல்வியையும் பாடசாலைச் சமய பாடத்தையும் வெவ்வேறாக, ஒன்றையொன்று நிரப்புவனவாகவே பார்க்கிறார்கள். இரண்டும் வேண்டும். ஒன்றின் வேலையை மற்றதன் தலையில் கட்டக் கூடாது.

தரம் 10 பிள்ளை 'கடவுள் இல்லை' என்கிறது. என்ன செய்வது?

புள்ளியைக் குறைக்காதீர்கள். பரபக்கத்தில் முதலில் பேச எழுபவன் உலகாயதன். கண்ணால் காண்பதே அளவை (அறிவுக்கு ஆதாரம்), உடம்புக்கு வேறாக உயிர் இல்லை, மறுபிறப்பு இல்லை என்கிறான். அருணந்தி அவனை வெளியே போகச் சொல்லவில்லை. பேசவிட்டுப் பதில் சொல்கிறார். அந்தப் பிள்ளையையும் பேசவிடுங்கள், காரணத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் அது மறுப்பது கடவுளை அல்ல, கோயில் நிர்வாக சபைச் சண்டையை.

நம்பிக்கை இல்லாத ஆசிரியர் சைவநெறி படிப்பிக்கலாமா?

படிப்பிக்கலாம் என்றே நினைக்கிறேன். வகுப்பில் கொடுப்பது பாசஞானம் என்று ஒப்புக்கொண்டால், அதைக் கொடுக்கத் தீட்சை வேண்டியதில்லை. பாடம் தெரிந்திருக்க வேண்டும், ஏளனம் இருக்கக் கூடாது. மனதார நம்பி, ஆணவத்துக்கும் அகங்காரத்துக்கும் வேறுபாடு தெரியாதவரைவிட, நம்பாமல் அதைத் தெளிவாக விளக்குபவர் பிள்ளைக்கு நல்லவர்.

நடைமுறையில் பிரச்சினை நம்பிக்கையே இல்லை. நேரசூசி போடும்போது யாருக்குப் பாடவேளை குறைகிறதோ அவர் தலையில் சைவநெறி விழுகிறது. சித்திர ஆசிரியருக்கும் விளையாட்டு ஆசிரியருக்கும் அப்படி விழுந்திருக்கிறது. அவர்கள் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு இருப்பார்கள், வேறென்ன செய்வார்கள்? பெற்றோர் கூட்டத்தில் அதிபரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, சைவநெறிக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறாரா என்பதுதான்.